நீரின் மேல் நிலைதவறாத வேகப் படகு

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

காகிதக் கப்பல் விட்டு விளையாடாதவர் நம்மில் எவரும் இருக்க மாட்டோம். ராயப்பேட்டையில் ஒரு நல்ல மழை பெய்தால் போதும், எங்கள் தெருவே துறைமுகம் ஆகிவிடும். அந்தக் கப்பல் கவிழ்ந்தால் நாம் கவலைப்படுவதில்லை. இன்னொரு தாளைக் கிழித்தால் ஆயிற்று. (அது கணக்கு நோட்டின் தாள் என்று என் அம்மாவிடம் யாரும் சொல்லிவிடாதீர்கள்!) ஆனால் சென்ற கோடை விடுமுறையில் என் அண்ணனுடைய படகு கவிழ்ந்தபோது எங்கள் வீடே சோகத்தில் ஆழ்ந்துவிட்டது.

அண்ணன் கல்லூரியில் தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் இருக்கிறான். கடற்பிரிவு மாணவர்கள் கப்பல் மாதிரிகள் செய்யக் கற்றுக்கொள்கிறார்கள். நௌ சைனிக் முகாமில் அதற்குப் போட்டியே உண்டு. அங்கே பிடித்த ஆசையால், டியூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் ரிச்சி தெருவில் மோட்டாரும் பாட்டரியும் வாங்கி, 60 செ.மீ. நீளத்தில் வானொலி அலையால் இயங்கும் பந்தயப் படகு ஒன்றைத் தானே செய்தான். “இதற்கு மேல் ஒரு பைசா கிடையாது” என்று அப்பா முன்பே சொல்லிவிட்டார்.

இத்தகைய படகு புதுமையானதன்று. 1898-ஆம் ஆண்டிலேயே நிக்கோலா டெஸ்லா என்னும் அறிஞர் நியூயார்க் நகரின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், கம்பியின்றித் தொலைவிலிருந்தே ஒரு சிறு படகை இயக்கிக் காட்டினார். அது மெதுவாகச் செல்லும் படகு. வேகம் கூடும்போதுதான் தொல்லைகள் தொடங்குகின்றன.

நிற்கும் படகு கவிழாமலிருக்க இரண்டு காரணங்கள் போதும். படகு அகலமாக இருக்க வேண்டும். அதன் பாரம் தாழ்வாக இருக்க வேண்டும். ஆனால் வேகப் படகோ நீரைக் கிழித்துக்கொண்டு செல்வதில்லை. குறிப்பிட்ட வேகத்தை எட்டியதும் அதன் அடிப்பாகத்தில் நீர் மோதி அதனை மேலே தூக்குகிறது. தட்டையான கல்லைக் குளத்தில் வீசினால் தத்தித் தத்திச் செல்லுமே, அதுபோல் படகு நீரின் மேல் வழுக்கிச் செல்கிறது. அப்போது பின்பகுதியில் ஒரு சிறு இடம் மட்டுமே நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும். வேகம் இருமடங்கானால் நீரும் காற்றும் தரும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

செங்கல்பட்டுக்கு அருகே எங்கள் மாமா வீட்டை ஒட்டிய ஏரியில் முதல் ஓட்டம் நடந்தது. படகு இடப்பக்கமாகச் சாய்ந்தே ஓடியது. நம் அறிவியல் நூலின் முதல் பாடத்தில் வரும் நியூட்டனின் மூன்றாம் விதியே இதற்குக் காரணம். பின்னாலிருந்து பார்க்கையில் புரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுற்றினால், படகின் உடல் இடஞ்சுழியாகத் திரும்ப முயலும். அண்ணன் பாட்டரியைச் சற்று வலப்பக்கம் நகர்த்தினான். சாய்வு நின்றது. எனக்கு அது மந்திரம் போல் இருந்தது!

இரண்டாம் ஓட்டத்தில், 50 மீட்டர் தூரத்தை ஏறக்குறைய 4 விநாடியில் கடந்தது. அதாவது மணிக்கு 45 கி.மீ. வேகம். அடுத்த கணம் சிறு அலை ஒன்றில் மூக்கு தூக்கியது. மூக்கின் அடியில் காற்று புகுந்தது. மூக்கு உயர உயரக் காற்று படும் பரப்பும் கூடும். பரப்பு கூடக் கூட மூக்கு மேலும் உயரும். படகு அப்படியே பின்புறமாகக் குட்டிக்கரணம் அடித்துத் தலைகீழாக விழுந்தது. மாமாதான் நீந்திச் சென்று எடுத்து வந்தார். உள்ளே தண்ணீர். அண்ணன் அன்றிரவு சாப்பிடவே இல்லை.

இதே முறையில்தான் இங்கிலாந்தின் டொனால்ட் காம்பெல் உயிரிழந்தார். 1964-இல் மணிக்கு 444 கி.மீ. வேகத்தில் சென்று உலக சாதனை படைத்தவர் அவர். 1967 ஜனவரி 4-ஆம் நாள் கோனிஸ்டன் ஏரியில் ‘புளூபேர்ட்’ என்ற ஜெட் படகில் 480 கி.மீ. வேகத்தை மீறிச் சென்றபோது மூக்கு உயர்ந்து படகு கரணமடித்தது. முதல் ஓட்டம் முடிந்ததும் நின்று எரிபொருள் நிரப்பாமல் உடனே திரும்பியதால், தன் படகே எழுப்பிய அலைகள் அடங்குவதற்குள் அவர் அவற்றின் மீது வந்தார் என்றும் ஒரு கருத்து உண்டு. அவர் உடல் 2001-இல்தான் கிடைத்தது. பின்னர், 1978-இல் கென் வார்பி என்ற ஆஸ்திரேலியர் தம் வீட்டுக் கொல்லையிலேயே கட்டிய படகில் 511 கி.மீ. வேகம் சென்றார். அந்தச் சாதனை இன்றுவரை முறியடிக்கப்படவில்லை.

எங்கள் தாத்தா நொச்சிக்குப்பத்தில் இளமையில் கட்டுமரம் ஏறிக் கடலுக்குப் போனவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, “பாரத்த எங்க வெச்சே கண்ணு? அணியம் லேசா இருந்தா காத்து தூக்கத்தான் செய்யும்” என்றார். அணியம் என்பது படகின் முன்பகுதி.

அண்ணன் படகை இரு விரல்களில் நிறுத்திப் பார்த்தான். பின் விளிம்பிலிருந்து 14 செ.மீ.-இல் அது சமநிலையில் நின்றது. இவ்வகைப் படகின் ஈர்ப்பு மையம், பின்னாலிருந்து அதன் நீளத்தில் சுமார் 30 விழுக்காட்டில் இருப்பது நல்லது. அதாவது 18 செ.மீ. பாட்டரி முன்னே நகர்ந்தது. மிகவும் முன்னே வைத்தாலும் ஆபத்துதான். மூக்கு நீரில் புதைந்து வேகம் குறையும். திருப்பத்தில் படகு கொக்கி போட்டது போல் வெடுக்கென்று திரும்பிவிடும். அடுத்து, புரொப்பெல்லரின் தண்டினைப் பின்முனை சற்றுத் தாழும்படி சாய்த்தான். அதனால் பின்பகுதி சிறிது உயர்ந்து மூக்கு தாழ்ந்தது. ஒவ்வொரு ஓட்டத்திற்கும் ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் பயன் விளைந்தது என்று தெரியாது. ஒன்பதாவது ஓட்டத்தில், அதே 45 கி.மீ. வேகத்தில், படகு ஏரியின் மறுகரைவரை மூக்கைத் தூக்காமல் சென்றது. அப்பாவே கைதட்டினார்.

அண்ணன் இப்போது இரட்டை உடல் படகு ஒன்றைத் தொடங்கியிருக்கிறான். அவ்வகையை ஆங்கிலத்தில் ‘காட்டமரான்’ என்கிறார்கள். அது நம் கட்டுமரம் என்ற சொல்லே! சோழமண்டலக் கடற்கரையில் கண்ட கட்டுமரங்களைப் பற்றி வில்லியம் டாம்பியர் என்ற மாலுமி 1697-இல் வெளிவந்த தம் நூலில் எழுதியிருக்கிறார். 1876-இல் நியூயார்க் பந்தயத்தில் ஹெரஷாஃப் என்பவரின் இரட்டைப் படகு மற்றவற்றையெல்லாம் தோற்கடித்தது. அதனாலேயே அதனைப் பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டார்களாம். இரண்டு உடல்களும் விலகி நிற்பதால் பக்கவாட்டில் எளிதில் சாயாது. ஆனால் நடுவிலுள்ள இடைவெளியில் காற்று புகுந்து தூக்குமே! எனவே பாரத்தின் கணக்கை மறுபடியும் போட வேண்டும்.

தாத்தா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “எங்க மரத்துல சந்தே இருக்காது, சேத்து வெச்சு கயித்தால இறுக்கிக் கட்டுவோம். நடுவுல இவ்ளோ ஓட்டைய விட்டுட்டு இதுக்கும் கட்டுமரம்னா பேரு?” என்று கேட்டார். அண்ணனிடம் பதில் இல்லை.