ஓர் எழுத்தும் கண்ணொளியும்

உயிரணுக்களுக்குள் இருந்து ஆற்றலை உண்டாக்கித் தருவது மைட்டோகாண்ட்ரியா. அதற்கென 16,569 வேதி எழுத்துகளாலான தனி டி.என்.ஏ. உண்டு, அது தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது. ஓர் எழுத்து மாறினால் ‘கண்’ ‘மண்’ ஆகிவிடும். இங்கோ ஓர் எழுத்து மாறினால் பார்வையே போகக்கூடும்.

1871இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் தியோடர் லேபர் விளக்கிய அரிய நோய் இத்தகையது. பெரும்பாலும் இளைஞருக்கு ஒரு கண்ணிலும், சில வாரங்களில் மறு கண்ணிலும் வலியின்றி நடுப்பார்வை மங்குகிறது. பார்வை நரம்பு நலிவதே காரணம். நோயுற்றோர் பலரிடம் 11,778ஆம் எழுத்து மாறியிருப்பதை டக்ளஸ் வாலஸ் குழுவினர் 1988இல்தான் கண்டறிந்தனர்.

மாற்றம் பெற்ற அனைவரும் பார்வை இழப்பதில்லை. அண்ணன் இழக்க, தங்கை நலமாயிருக்கலாம். இதன் காரணத்தைத் தேடுவோர், மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களையும் ஆராய்கின்றனர். அண்ணனின் பிள்ளைகளுக்கு இம்மாற்றம் செல்லாது. நலமாயிருக்கும் தங்கையின் பிள்ளைகளுக்குச் செல்லும்.