கடைசியில் வந்த பாட்டு!
3 ஓட்டுப் பெற்ற பாடல், 48 ஆண்டு ஆட்சியைக் கவிழ்க்க அடையாளமாயிற்று

ரேடியோவில் ஒரு காதல் பாட்டு ஒலித்தது. அதைக் கேட்டதும் ராணுவ அதிகாரிகள் புரட்சிக்குத் தயாரானார்கள்!

இது கட்டுக்கதை அல்ல. 1974-ஆம் ஆண்டில் போர்த்துகல் நாட்டில் நடந்த உண்மைச் சம்பவம்.

ஐரோப்பிய நாடுகளுக்குள் 'யூரோவிஷன்' என்ற பாட்டுப் போட்டி 1956 முதல் நடக்கிறது. நாட்டுக்கு ஒரு பாட்டு. மக்கள் டெலிவிஷனில் பார்ப்பார்கள். 1974 ஏப்ரல் 6-ந் தேதி பிரிட்டனில் பிரைட்டன் நகரில் 17 நாடுகள் மோதின. போர்த்துகல் சார்பில் பாடியவர் பாலோ டி கார்வல்யோ. காதலியைப் பிரிந்தவனின் ஏக்கம்தான் பாட்டு.

ஸ்வீடன் நாட்டு 'ஆபா' குழு 24 ஓட்டுடன் வென்றது. போர்த்துகலுக்குக் கிடைத்தது 3 ஓட்டு. வேறு மூன்று நாடுகளோடு சேர்ந்து கடைசி இடம். பாவம், பாடகர் ஊர் திரும்பினார்.

போர்த்துகலில் அப்போது சர்வாதிகார ஆட்சி. 1926-இல் தொடங்கியது. 1961-இல் நம் ராணுவம் மீட்கும் வரை கோவாவை விடமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தாரே சலாசார், அவர் வளர்த்த ஆட்சி. அவருக்குப் பின் கேட்டானோ பிரதமரானார். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. எங்கும் ரகசியப் போலீஸ். ஆப்பிரிக்காவில் அங்கோலா முதலிய நாடுகளை அடக்கி வைக்க 13 ஆண்டாக யுத்தம். அந்த யுத்தத்தில் சலித்துப்போன இளம் அதிகாரிகள்தான் ஆட்சியைக் கவிழ்க்கத் திட்டமிட்டார்கள்.

மார்ச் 16-ந் தேதி ஒரு முயற்சி தோற்று, பலர் கைதாகியிருந்தார்கள். இன்னொரு முறை தவறினால் கதி என்ன? எல்லாப் படைகளும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். டெலிபோனில் பேசினால் போலீஸ் ஒட்டுக் கேட்கும். ரேடியோவில் பாட்டுப் போட்டால்?

அரசியல் பாட்டு என்றால் சந்தேகம் வரும். போட்டியில் தோற்ற காதல் பாட்டை யார் சந்தேகிப்பார்கள்!

ஏப்ரல் 24, இரவு 10.55 மணி. லிஸ்பன் நகர ரேடியோவில் கார்வல்யோவின் பாட்டு ஒலித்தது. "தயாராகுங்கள்" என்பது அதன் பொருள். பாடியவருக்கே அது தெரியாது! அந்த ரேடியோ நாடு முழுவதும் எட்டாது. ஆகவே இரவு 12.20-க்கு நாடு முழுவதும் கேட்கும் வேறொரு நிலையத்தில் இரண்டாவது பாட்டு. "புறப்படுங்கள்!"

சாந்தரேம் ஊரிலிருந்து 29 வயதுக் கேப்டன் சல்கேரோ மாயா படையுடன் லிஸ்பன் வந்தார். வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று ரேடியோ சொல்லியும் மக்கள் தெருவில் திரண்டார்கள். உணவு விடுதியில் வேலை பார்த்த ஒரு பெண்ணிடம் ஒரு சிப்பாய் சிகரெட் கேட்டான். அவளிடம் இருந்தது பூ மட்டுமே. சிவப்புக் கார்னேஷன் பூ ஒன்றைக் கொடுத்தாள். அவன் அதைத் துப்பாக்கி முனையில் செருகிக்கொண்டான். பிறகு தெருவெங்கும் துப்பாக்கிகளில் பூ!

ரகசியப் போலீசார் சுட்டதில் நாலு பேர் மாண்டார்கள். கேட்டானோ ஒரு முகாமில் பதுங்கினார். கேப்டனிடம் அதிகாரத்தை ஒப்படைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஜெனரல் ஒருவர் வரவேண்டும் என்றார். ஜெனரல் ஸ்பினோலா வந்தார். அன்று மாலையே ஆட்சி முடிந்தது.

யூரோவிஷனில் போர்த்துகல் முதல் பரிசு பெற மேலும் 43 ஆண்டு ஆயிற்று. 2017-இல் சல்வடோர் சொப்ரால் 758 புள்ளிகளுடன் வென்றார். அதுவும் காதல் பாட்டுதான். எழுதியவர் அவருடைய அக்கா.