தறியில் இருப்பது யார்? சர்க்காருக்குச் சொல்வது ஒரு சின்ன கட்டம்!
வாய் மூடிய "3", எட்டாக மாறும் வேடிக்கை

ஆரணி,–
பட்டுக்குப் பெயர் போன ஊர் ஆரணி. இங்கே எத்தனை பேர் தறியை நம்பிப் பிழைக்கிறார்கள்? மக்கள் தொகை கணக்கில் இதைச் சொல்வது படிவத்தின் ஒரு கட்டத்தில் எழுதும் ஒரே ஒரு எண்தான்!

2011 கணக்கெடுப்பில் உழைப்பவர்களை 4 ரகமாகப் பிரித்தார்கள். சொந்த சாகுபடி 1, விவசாயக் கூலி 2, வீட்டுத் தொழில் 3, மற்ற வேலை 4. குடும்பத்தார் வீட்டுக்குள்ளேயே போட்டு நெய்யும் தறிக்கு 3. கூலியாட்களே அதிகம் உள்ள பட்டறை என்றால் 4.

எந்திரம் படித்தது

முன்பெல்லாம் படிவத்தைப் பார்த்து ஆட்களே எண்களைத் தட்டிப் பதிந்தார்கள். 2001-ல் புது முறை வந்தது. ஸ்கேனர் படிவத்தைப் படம் பிடிக்கும். கட்டத்துக்குள் கையால் எழுதிய எண்ணைக் கம்ப்யூட்டரே படிக்கும். புரியாத எழுத்தைத் திரையில் காட்டும். ஊழியர் பார்த்துத் திருத்துவார். 2011-ல் 121 கோடி பேரின் விவரமும் இப்படித்தான் கணக்கில் ஏறியது. அதில் ஆரணி நகரவாசிகள் 63 ஆயிரத்துக்கும் மேல்.

3 எட்டானால்?

அவசரத்தில் எழுதிய "3"-ன் வாய் மூடிக்கொண்டால் எந்திரத்துக்கு அது "8". ஆனால் தொழில் கட்டத்தில் 8-ம் ரகமே கிடையாது. உடனே பிடிபட்டுவிடும்!

வயதுக் கட்டத்தில் 31, 81 ஆனால்? சிக்கல்தான். 81 வயதிலும் ஆள் இருப்பாரே! நடக்க முடியாத தப்பு மாட்டும். நடக்கக்கூடிய தப்பு நழுவிவிடும்.

வாசலில் நடக்கும் தப்பு

இதைவிடப் பெரிய தப்பு வீட்டு வாசலில் நடக்கிறது. "வீட்டம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டால், "சும்மாதான் சார் இருக்காங்க" என்று பதில் வரும். அந்த அம்மாவோ காலையிலிருந்து நூல் சுற்றிக்கொண்டிருப்பார்! "வீட்டு வேலை" என்று எழுதிவிட்டால் போச்சு. அவர் உழைப்பாளி கணக்கிலேயே வரமாட்டார். எழுத்து சுத்தமாக இருக்கும். எந்திரமும் சரியாகப் படிக்கும். கணக்கு மட்டும் பொய்!

இனி கைபேசி

2027 கணக்கெடுப்புக்கான அறிவிப்பு 2025 ஜூன் 16-ல் வந்தது. காகிதத்துக்குப் பதில் கைபேசி செயலி. வாய் மூடிய "3"-க்கு வேலையில்லை. ஆனால் செயலியும் வாசலில் சொன்னதைத்தான் பதியும்.

தறி யாருடையது, எங்கே இருக்கிறது, வீட்டில் யார் யார் கை கொடுக்கிறார்கள் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். நூல் சுற்றும் அம்மாவை விட்டுவிடாதீர்கள்!