கைத்தொழிலும் கல்வியும்



அண்மையில் ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் ஒரு தந்தை என்னிடம் வந்தார். “ஹஜ்ரத், பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. தறிக்கு அனுப்பினால் தொழிலாவது கற்றுக்கொள்வான் அல்லவா?” என்று கேட்டார். பிள்ளைக்கு வயது பதினொன்று. பட்டு நெய்யும் காஞ்சி மாநகரில் இக்கேள்வி புதிதன்று. கைத்தொழில் கல்விக்குப் பகையன்று. ஆனால் கைத்தொழிலின் பெயரால் பிள்ளையின் கல்வியைப் பறிப்பது அநீதி. இவ்விரண்டையும் பிரித்தறிவது நம் கடமை.

தன் கையால் உழைத்து உண்பதன் சிறப்பைச் சொல்ல, நபி தாவூத் (அலை) அவர்களை முன்மாதிரியாகக் காட்டினார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். அதே பெருமானார், பத்ருப் போர்க் கைதிகளில் பிணைத்தொகை கொடுக்க இயலாத, எழுதத் தெரிந்தவர்கள் மதீனாவின் சிறுவர்களுக்கு எழுதக் கற்பிப்பதையே பிணைத்தொகையாக ஏற்றார்கள். உழைப்புக்கும் மதிப்பு உண்டு. எழுத்துக்கும் மதிப்பு உண்டு.

நம் நாட்டில் இவ்விரண்டையும் இணைக்க முயன்றவர்களுள் முக்கியமானவர் ஜாமியா மில்லியாவின் துணைவேந்தராக இருந்த டாக்டர் ஜாகிர் உசேன். 1937 அக்டோபரில் காந்தியடிகள் தலைமையில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, அவர் தலைமையில் குழு அமைத்தது. ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில் பாடம், நூற்றல், நெய்தல் போன்ற ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்துப் பிற பாடங்களைக் கற்பித்தல் ஆகியவற்றை அக்குழு பரிந்துரைத்தது. அதோடு ஓர் எச்சரிக்கையும் விடுத்தது: உற்பத்தியே குறிக்கோளானால், ஆசிரியர் பிள்ளைகளைக் கசக்கிப் பிழிந்து வேலை வாங்குபவராக மாறிவிடக்கூடும்.

1953ல் சென்னை மாகாணத்தில் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் வேறு வகை. பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது அது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தனர். 1954ல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. முன்னது எல்லாப் பிள்ளைக்கும் கைவேலை மூலம் அறிவைத் தர முயன்றது. பின்னது நெசவாளி மகனைத் தறியிலேயே நிறுத்திவிடும் என்று மக்கள் அஞ்சினர்.

அந்த அச்சத்தின் நியாயத்தை நம் ஊரே அறியும். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். ஆகவே நெசவாளியின் அருகில் அமர்ந்து கரைக்குரிய நாடாவை எறிய ஓர் உதவியாள் வேண்டும். அவ்விடத்தில் நெடுங்காலம் சிறுவர்கள் அமர்த்தப்பட்டனர். பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்காகப் பிள்ளைகள் பட்டுத்தறியில் கட்டுண்டு கிடந்ததை 2003ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பின் அறிக்கையும் பதிவு செய்தது. அவர்கள் அங்கே கற்றது கல்வியன்று. கடனை அடைக்கும் வேலை.

ஆனால் அதே தறியை ஆசிரியராக்கவும் முடியும். பாவு இழைகளை எண்ணுவது கணக்கு. உடலுக்கும் கரைக்கும் உள்ள அளவு விகிதம். கட்டம் போட்ட தாளில் வடிவம் வரைவது ஓவியமும் வடிவியலும். கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வருவது புவியியல். இவ்வாறு கற்ற பிள்ளை தறியையும் அறிவான். தறிக்கு அப்பால் உள்ள உலகையும் அறிவான்.

“படிப்பு ஏறவில்லை” என்பதற்கும் பதில் உண்டு. ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவி, 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு, அவரவர் வேகத்தில் படிப்படியாகக் கற்றனர். சில ஆண்டுகளில் அது தமிழகமெங்கும் தொடக்க வகுப்புகளுக்கு விரிந்தது. மெதுவாகக் கற்பவன் மூடனல்லன் என்பதே அம்முறையின் அடிப்படை.

அந்தத் தந்தைக்கு நான் சொன்னது இதுதான்: “பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தாதீர்கள். 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை கல்வி அவன் உரிமை. இடையில் நின்ற பிள்ளையைக்கூட வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். ஆசிரியரிடம் சென்று, அவன் எங்கே இடறுகிறான் என்று கேளுங்கள். விடுமுறையில் உங்கள் அருகில் அமர்ந்து தொழிலைப் பார்க்கட்டும், கேள்வி கேட்கட்டும். கூலிக்கு மட்டும் அனுப்பாதீர்கள்.”

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் கைக்குத் திறமையையும் அறிவுக்கு ஒளியையும் வழங்கி, அந்த அமானிதத்தைப் பேணும் நல்ல பெற்றோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.