சட்டசபையில் இருக்கை, கோயிலில் தரை

பெயர் கண்டு நம் சேலத்துக்காரர் என மயங்கவேண்டா! ஆபிரகாம் பாரக் சேலம் (1882–1967) கொச்சி யூதர். சென்னையில் சட்டம் பயின்ற வழக்கறிஞர். கொச்சிச் சட்டசபை உறுப்பினர். 1929-இல் லாகூர் காங்கிரசுக்குச் சென்றவர்.

இத்தகையவருக்கு மட்டாஞ்சேரிப் பரதேசி யூதர் கோயிலில் இருக்கை இல்லை. முன்னோர் விடுதலைபெற்ற அடிமைகளாம்! முன்கூடத்துத் தரைதான் அவர்களுக்கு. யூதரிடையிலுமா தீண்டாமை என்று வியப்போர், கொச்சி எந்நாட்டில் உள்ளது என்பதை எண்ணிப் பார்க்க.

வழக்கறிஞராயிருந்தும் சேலம் கைக்கொண்டது காந்தியடிகளின் சத்தியாகிரகமே. புதல்வர்களோடு கோயிலுக்குள் சென்று, விலக்கப்பட்ட இடத்தில் அமர்ந்தார். தடைகள் ஒருநாளில் தகரவில்லை. ஆண்டுகள் பல கடந்தே தளர்ந்தன. ‘யூத காந்தி’ என்பர். அறிவியல் மாணவனாகிய எனக்கோ, அப்பட்டத்தினும் அப்பிடிவாதமே பெரிது.

ஆயினும் 1950-இல் அவர் மகன் ஒரு பரதேசி யூதப் பெண்ணை மணந்தது கொச்சியில் அன்று, பம்பாயில்.