வெள்ளைக் கரடிக்கு 300 மீட்டர் தூரத்தில்

லங்காவியில் கிலிம் அலையாத்திக் காட்டுக்குள் படகில் போய்வந்த பலருக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். ஆறு அகலும் இடத்தில் படகோட்டி இயந்திரத்தைத் தணிப்பார். வாளியிலிருந்து கோழித்தோலை அள்ளி நீரில் வீசுவார். சற்று நேரத்தில் செம்பருந்துகள் வட்டமிட்டு இறங்கி, கண்ணெதிரே பாய்ந்து கொத்திக்கொண்டு போகும். நாமும் கைப்பேசியில் ஆசைதீரப் படம் பிடித்துக்கொண்டு, கரையேறும்போது படகோட்டியின் கையில் பத்து வெள்ளியைக் கூடுதலாக வைத்துவிட்டு வருவோம். நானும் வைத்திருக்கிறேன்.

வனவிலங்குப் படகுச் சவாரி என்றால் இதுதான் என்று நினைத்திருந்தேன். விலங்கைப் பக்கத்தில் காட்டுபவர் கெட்டிக்காரர், காட்டாதவர் கற்றுக்குட்டி. இந்த எண்ணத்தோடுதான் கடந்த ஜூலையில், சிங்கப்பூரில் வேலை செய்யும் அக்காவும் நானும் நோர்வேக்கு வடக்கே இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகளுக்குப் புறப்பட்டோம். நான்கு ஆண்டுச் சேமிப்பு அது. துருவக் கரடியைப் பக்கத்தில் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது எங்கள் கணக்கு.

இரவில்லாத கோடை

நோர்வேயின் தலைநகர் ஓஸ்லோவிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணி நேரம் பறந்தால் லாங்யியர்பியன். 78ஆவது வடக்கு அகலக்கோட்டில் இருக்கும் சின்ன ஊர். மக்கள்தொகை ஏறத்தாழ 2,500. ஸ்வால்பார்ட் முழுவதும் சேர்த்தால் நம் தீபகற்ப மலேசியாவில் ஏறக்குறைய பாதிப் பரப்பு. அதில் பாதிக்கு மேல் பனியாறுகள் மூடிக் கிடக்கின்றன. 1920இல் கையெழுத்தான ஓர் ஒப்பந்தத்தின் பலனாக, அங்கே வாழ யாருக்கும் விசா தேவையில்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வருமானம் இருந்தால் போதும். அதனால் தாய்லாந்து, பிலிப்பீன்ஸ் நாட்டவர்கூட அந்தக் குளிரில் கணிசமாகக் குடியேறி இருக்கிறார்கள். இன்னும் வடக்கே நி-ஓலசுண்ட் என்ற ஆய்வுக் குடியிருப்பில் 2008 முதல் இந்தியாவின் ‘ஹிமாத்ரி’ ஆய்வு நிலையம் இயங்குகிறது.

ஏப்ரல் 20 வாக்கில் எழும் சூரியன் ஆகஸ்டு 23 வரை மறைவதில்லை. கடல் உறைபனி விலகும் இந்தச் சில வாரங்களுக்குள் பறவைகள் முட்டையிட்டு, குஞ்சு பொரித்து, வளர்த்துக் கிளம்பிவிட வேண்டும். கப்பல்கள் வருவதும் அப்போதுதான். ஜூன் முதல் செப்டம்பர் தொடக்கம் வரையே வேலை. பறவைக்கும் படகு வழிகாட்டிக்கும் அறுவடைக் காலம் ஒன்றுதான்.

பத்துப் பேர், ஒரு ரப்பர் படகு

தாய்க்கப்பல் நூறு பேருக்கு உட்பட்ட சிறியது. அது கரையை நெருங்காது. கரைக்கும் பனியாற்றுக்கும் எங்களைக் கொண்டுபோவது ‘சோடியாக்’ என்று அழைக்கப்படும் காற்றடைத்த ரப்பர் படகு. படகுக்குப் பத்துப் பேர். இருக்கை கிடையாது, பருத்த ரப்பர் விளிம்பின்மேல் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பகுதி கிழிந்தாலும் படகு மூழ்காதபடி, காற்று தனித்தனி அறைகளில் அடைக்கப்பட்டிருக்கிறது.

எங்கள் வழிகாட்டி முப்பது வயது மதிக்கத்தக்க நோர்வேப் பெண். லாங்யியர்பியனிலேயே நடக்கும் ஓராண்டு ஆர்க்டிக் இயற்கை வழிகாட்டிப் படிப்பை முடித்தவர். முதுகில் துப்பாக்கி, இடுப்பில் கரடியை விரட்டும் ஒளிக்குண்டுத் துப்பாக்கி. படகு இயந்திரத்திலிருந்து வரும் சிவப்புச் சுருள் கயிற்றைக் காலில் மாட்டியிருந்தார். அவர் தவறி நீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும். இயந்திரம் உடனே நின்றுவிடும். ஓட்டுநர் இல்லாத படகு நீரில் விழுந்தவர்மேல் ஏறிவிடாமல் இருக்க இந்த ஏற்பாடு.

ஏறும்போது கையைக் குலுக்குவதுபோல் பிடிக்கக் கூடாது. அவர் முன்கையை நாமும், நம் முன்கையை அவரும் பற்ற வேண்டும். ஈரக் கையுறை வழுக்கினாலும் பிடி விடாது. கப்பலை விட்டு இறங்கும்போது ஒவ்வொருவரும் தம் எண் எழுதிய வில்லையைப் பலகையில் திருப்பிவைக்க வேண்டும். திரும்பி வந்ததும் மறுபடி திருப்ப வேண்டும். கடைசி வில்லை திரும்பும்வரை கப்பல் நகராது. காலணிகளைக் கழுவித் துடைத்த பிறகே இறங்க அனுமதி. வேறு நாட்டு விதையோ நோய்க்கிருமியோ அந்த மண்ணில் ஒட்டிவிடக் கூடாதாம்.

பனியாற்றுக்கு முன்னால் படகு வெகுதூரத்திலேயே நின்றது. “இன்னும் கொஞ்சம் போகலாமே” என்றார் ஒருவர். வழிகாட்டி பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் நீலப் பனிச்சுவரில் ஒரு துண்டு பிளந்து கடலில் விழுந்தது. முதலில் அது தெரிந்தது. பிறகுதான் இடிபோல ஓசை வந்தது. படகின் மூக்கை அலைக்கு நேராகத் திருப்பி அவர் தயாராக வைத்திருந்தார். அலை எங்களைத் தூக்கி இறக்கிவிட்டுப் போனது. கேட்டவர் அதன்பிறகு அன்று வாய் திறக்கவில்லை.

பறவைகளின் அடுக்குமாடி

ஹின்லோப்பன் நீரிணையில் ஆல்க்கெஃபியெல்லெட் என்றொரு கரும்பாறைச் செங்குத்து இருக்கிறது. ஏறத்தாழ 60,000 ஜோடி கில்லிமாட் பறவைகள் அதில் அடைகாக்கின்றன. கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாகப் பெங்குவின்போல நிற்கும், ஆனால் பறக்கும். கூடு கட்டுவதில்லை. ஒரு சாண் அகல விளிம்பில் ஒற்றை முட்டை. நம்மூர் அடுக்குமாடி வீடுகளைப் பார்த்து நெருக்கடி என்று புலம்புகிறவர்கள் அந்தப் பாறையை ஒருமுறை பார்க்க வேண்டும்.

பெரிய பறவை மலைகளுக்கு அருகே படகுகள் 5 நாட் வேகத்துக்குமேல் போகக் கூடாது. அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர். கப்பல்கள் ஊதல் ஒலிக்கவும் தடை. காரணம் எளிது. பறவைகள் திடுக்கிட்டு ஒரே நேரத்தில் எழும்பினால், விளிம்பிலிருக்கும் முட்டையும் குஞ்சும் உருண்டு விழும்.

மூன்று வாரக் குஞ்சு இன்னும் பறக்கத் தெரியாத நிலையிலேயே அந்த உயரத்திலிருந்து குதிக்கிறது. கீழே கடலில் தந்தைப் பறவை காத்திருந்து, அழைத்துக்கொண்டு திறந்த கடலுக்கு நீந்திப் போகும். நீருக்குப் பதில் கரையில் விழுந்த குஞ்சை ஆர்க்டிக் நரி கவ்விக்கொள்ளும். எங்கள் கண்முன் ஒன்று அப்படிப் போயிற்று. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். “நரிக்கும் குட்டிகள் உண்டு” என்றார் வழிகாட்டி. இயந்திரத்தை நிறுத்தியிருந்ததால், அவர் மெதுவாகச் சொன்னதும் எங்களுக்குக் கேட்டது.

எலும்புகள் கிடக்கும் கரை

வால்ரஸ்கள் படுத்திருந்த மணல்திட்டை நெருங்கும்போது, அவர் முதலில் காற்றின் திசையைப் பார்த்தார். மோப்பம் அவற்றுக்குப் போகாத பக்கமாகச் சுற்றி வந்து இறக்கினார். ஒற்றை வரிசையில் நடந்தோம். கூட்டத்துக்கும் கடலுக்கும் நடுவே யாரும் போகக் கூடாது. ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள ஆண் வால்ரஸ்கள் பயந்து நீருக்கு ஓடினால் நடுவில் இருக்கும் குட்டி நசுங்கும். நீரில் இருக்கும்போது நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2019இல் பக்கத்து ரஷ்யத் தீவுக்கூட்டமான பிரான்ஸ் ஜோசப்பில், ரஷ்யக் கடற்படை ஆய்வுக் குழுவின் ரப்பர் படகு ஒன்றை வால்ரஸ் தாக்கி மூழ்கடித்தது. ஆட்கள் தப்பிக் கரையேறினார்கள்.

அந்தத் தீவுகளின் சில கரைகளில் பழைய எலும்புகள் குவிந்து கிடக்கின்றன. 1596இல் டச்சு மாலுமி வில்லெம் பேரன்ட்ஸ் இந்தத் தீவுகளைக் கண்ட பிறகு, திமிங்கில வேட்டையும் வால்ரஸ் வேட்டையும் நடந்தன. தந்தத்துக்காகவும் கொழுப்புக்காகவும் தோலுக்காகவும் 350 ஆண்டு கொன்றார்கள். 1952இல் நோர்வே வேட்டையைத் தடை செய்தபோது அங்கே எஞ்சியிருந்தவை நூறளவில்தான் இருக்கும் என்று கணிக்கப்படுகிறது. 2018 கணக்கெடுப்பில் அது ஏறத்தாழ 5,500. அந்த எலும்புகளில் ஒன்றைக்கூட நினைவுப்பொருளாக எடுத்துவர முடியாது. 1946க்கு முந்தைய மனிதத் தடயங்கள் அனைத்தும் அங்கே சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

விட்டுவைத்தால் விலங்கு திரும்பி வரும் என்பதற்கு அந்த மணல்திட்டில் புரண்டுகொண்டிருந்த கூட்டமே சாட்சி.

அந்த மஞ்சள் புள்ளி

ஆறாவது நாள். வடக்கே ஒரு ஃபியோர்டில் போய்க்கொண்டிருந்தோம். வழிகாட்டி திடீரென இயந்திரத்தைத் தணித்து, கரையைக் காட்டினார். கறுப்புக் கற்களுக்கு நடுவே வெண்மஞ்சளாக ஏதோ ஒன்று. தொலைநோக்கியில்தான் தெரிந்தது. துருவக் கரடி, படுத்துத் தூங்குகிறது.

படகில் எல்லாரும் ஒரே நேரத்தில் எழ முயன்றார்கள். உட்காரச் சொன்னார். சட்டைப்பையிலிருந்து தூரம் அளக்கும் லேசர் கருவியை எடுத்துப் பார்த்தார். 340 மீட்டர். 2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள விதிப்படி, ஜூலை முதல் பிப்ரவரி வரை கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். கரடியைக் கவர்வது, பின்தொடர்வது, தொந்தரவு செய்வது எல்லாமே குற்றம்.

இன்னும் 40 மீட்டர் முன்னால் போகச் சட்டத்தில் இடமிருந்தது. “அந்த நாற்பதையாவது போங்களேன்” என்றேன் நான். ஆமாம், நான்தான். நான்கு ஆண்டுச் சேமிப்பு கண்முன்னால் படுத்துக் கிடந்தது.

அப்போது கரடி தலையைத் தூக்கி எங்கள் பக்கம் பார்த்தது. படகு முழுக்க ஒரே பரவசம். வழிகாட்டியோ அந்தக் கணமே படகைப் பின்னோக்கி நகர்த்தத் தொடங்கினார். 400 மீட்டர், 450 மீட்டர். ஒருவர் சத்தமாகவே முணுமுணுத்தார். அக்காவின் கேமராவில் கரடி ஒரு புள்ளியாகச் சுருங்கியது. கரடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தலையை மறுபடி கல்மேல் வைத்தது.

கப்பல் ஏறிய பிறகும் எனக்கு ஆற்றாமை அடங்கவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அவரிடமே கேட்டேன். கோபப்படாமல் விளக்கினார். கரடி சீல் பிடிக்க உறைபனி வேண்டும். அந்தப் பகுதி உலகச் சராசரியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகிறது. உறைபனி முன்போல நிலைப்பதில்லை. கரையில் மாட்டிக்கொண்ட கரடி முட்டையையும் பனிமானையும் தின்று சமாளித்தாலும், பெரும்பாலும் உடம்பில் சேர்த்த கொழுப்பில்தான் கோடையைக் கழிக்கிறது. அது படுத்திருப்பது சோம்பலால் இல்லை, சிக்கனத்தால். ஒவ்வொரு படகுக்கும் ஒருமுறை எழுந்து நடந்தால் அந்தச் சேமிப்பு கரையும்.

சேமிப்பு என்ற சொல் எனக்கு உறைத்தது.

இன்னொன்றும் சொன்னார். நெருங்கிப் பழகிய கரடி மனிதனுக்குப் பயப்படாது. பயப்படாத கரடி கடைசியில் குண்டடிபட்டுச் சாகும். 2018 ஜூலையில், பயணிகள் இறங்குவதற்கு முன் கரையைச் சோதிக்கப் போன கப்பல் காவலர் ஒருவரை வடக்குத் தீவொன்றில் கரடி தாக்கியது. உடன் வந்தவர்கள் அதைச் சுட்டுக் கொன்றார்கள். அவரும் துப்பாக்கி சுமக்கிறார். அதைச் சுட நேர்ந்தால், அந்த நாள் தன் வேலையில் தான் தோற்ற நாள் என்றார்.

பயண முடிவில் எல்லாருக்கும் கருத்துப் படிவம் தந்தார்கள். வழிகாட்டிக்கு மதிப்பெண் போட வேண்டும். அடுத்த கோடைக்கு அவருக்கு வேலை கிடைப்பதில் அந்தப் படிவத்துக்கும் பங்கு இருக்கும். தெரிந்தும் அவர் படகைத் திருப்பினார். லங்காவியில் நான் கொடுத்த பத்து வெள்ளி அப்போது நினைவுக்கு வந்தது. கோழித்தோல் வீசுபவரை அப்படி வீச வைத்ததில் எனக்கும் பங்குண்டு. படிவத்தில் முழு மதிப்பெண் போட்டேன், காரணத்தையும் எழுதினேன்.

ஊர் திரும்பியதும் அக்கா மகன் ஓடிவந்து படத்தைக் கேட்டான். எட்டு வயது.

“எங்க சித்தி கரடி?”

படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கறுப்புக் கல், சாம்பல் கடல், நடுவே மஞ்சள் புள்ளி.

“என்ன செய்யுது?”

“தூங்குது.”

“நீங்க போனப்போ எழுந்துக்கலையா?”

“எழப் பார்த்துச்சு. நாங்க திரும்பி வந்துட்டோம். அது மறுபடியும் தூங்கிடுச்சு.”

போக நினைப்போர் கவனத்திற்கு

• ஸ்வால்பார்ட் ஷெங்கன் எல்லைக்கு வெளியே இருந்தாலும் நோர்வே வழியாகத்தான் போக வேண்டும். கடப்பிதழ் கட்டாயம்.

• பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அனுமதியில்லை. அங்கே கரையிறங்கவும் 43 இடங்களில் மட்டுமே முடியும். சிறிய கப்பலையே தேர்ந்தெடுங்கள்.

• பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பயணிகள்? ஒரு நாளைக்கு எத்தனை முறை படகில் இறக்குவார்கள்?

• கோடையிலும் வெப்பநிலை சில பாகைகளே இருக்கும். ஒரே தடித்த உடையைவிட, அடுக்கடுக்காக அணிவதே நல்லது. நீர்புகாத கால்சட்டையும் கையுறையும் அவசியம். கடல்மயக்க மாத்திரையை மறக்காதீர்கள்.

• நல்ல தொலைநோக்கி ஒன்று கையோடு இருக்கட்டும். 300 மீட்டரை நெருக்கமாக்கும் நேர்மையான வழி அது ஒன்றுதான்.