வெள்ளாயணி ஏரியின் சீழ்க்கைச் சிறகி

திருவனந்தபுரம் நகரின் தெற்கே அமைந்துள்ளது வெள்ளாயணி என்னும் நன்னீர் ஏரி. அதனை அடுத்துப் புஞ்சக்கரி வயல்கள் பரந்துள்ளன. ஏரியிலும் வயலிலும் வாழும் காட்டு வாத்துக்களுள் சீழ்க்கைச் சிறகி குறிப்பிடத்தக்கது. மலையாளத்தில் இதனைச் சூளன் எரண்ட என்பர். பறக்கும்போது சீழ்க்கையடிப்பது போன்று ஒலி எழுப்புவதால் இரு மொழிகளிலும் இப்பெயர் வழங்குகிறது.

இது கபில நிறமும் நீண்ட கழுத்தும் உடையது. ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒத்திருக்கும். மரப்பொந்திலோ, நீரருகே புல் அடர்ந்த இடத்திலோ கூடு அமைத்துப் பெரும்பாலும் 7 முதல் 12 முட்டைகள் வரை இடும். ஆண், பெண் இரண்டுமே அடைகாக்கும். 22 முதல் 24 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும்.

நண்பகலில் ஏரிக்குச் செல்வோர் இப்பறவைகள் கூட்டமாக உறங்குவதையும், இறகு கோதுவதையும் மட்டுமே காண்பர். இவை சோம்பல் மிக்கவை என்று எண்ணவும் கூடும். உண்மை அதுவன்று. இவை பெரும்பாலும் இரவில் இரை தேடுபவை. கதிரவன் மறையுந் தறுவாயில் கூட்டத்தில் ஒரு பரபரப்பு உண்டாகும். தலைகள் நிமிரும், சீழ்க்கை ஒலி பெருகும், சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து இரை கிடைக்கும் வயல்களையும் ஆழமற்ற நீர்நிலைகளையும் நோக்கிப் பறக்கும். தளிர், விதை, சிந்திய நெல், நத்தை, புழு, சிறு மீன் ஆகியவை இவற்றின் உணவாகும்.

எனவே, பகலில் எடுக்கும் கணக்கு பறவைகள் எங்கே இளைப்பாறுகின்றன என்பதைக் கூறுமேயன்றி, எங்கே உண்கின்றன என்பதைக் கூறாது. இவ்வேறுபாடு முக்கியமானது. வயல்களை மண்ணிட்டு நிரப்பிவிட்டால், ஏரி அப்படியே இருப்பினும் அது உணவற்ற உறைவிடமாகிவிடும். வயல்களையும் ஈரநிலங்களையும் காக்கக் கேரள அரசு 2008ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றியுள்ளது. வயலுக்கும் ஏரிக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் குறிப்புகள் அச்சட்டத்தின் நோக்கத்திற்குத் துணை புரியும்.

திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளை டாக்டர் சாலிம் அலி 1933இல் முறையாக ஆராய்ந்தார். அதன் பயனாக எழுந்த நூல் 1953இல் வெளிவந்தது. 1987 முதல் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் ஜனவரியில் நடைபெற்று வருகிறது. இத்தகைய பணிகளுக்கு மாலை நேரக் குறிப்புகள் பெரிதும் துணையாகும்.

களப்பணியாளரும் ஆசிரியரும் இதனை எளிதில் மேற்கொள்ளலாம். கதிரவன் மறைவதற்கு அரைமணி முன்னதாகவே, பறவைகள் அஞ்சாத தொலைவில் ஓரிடத்தில் அமர்ந்துவிட வேண்டும். மாணவர் இருவருள் ஒருவர் எண்ண, மற்றவர் எழுத வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை, பறந்து சென்றவை எத்தனை, எத்திசையில் சென்றன என்பவற்றைக் குறித்தல் வேண்டும். வானிலை, நீர்மட்டம், வயலின் நிலை (உழவு, நடவு, அறுவடை, தரிசு) ஆகியவற்றையும் சேர்த்து எழுதுக. பறவைகளைப் பறக்கச் செய்யும் பொருட்டுக் கல்லெறிதலும் கூட்டை நெருங்குதலும் கூடா.

மாதம் ஒருமுறை, அதே இடத்திலிருந்து, ஓராண்டு முழுவதும் எழுதப்பெறும் ஏடு, எந்த வயல் எந்தப் பருவத்தில் இப்பறவைகளுக்கு உணவளிக்கிறது என்பதைத் தெளிவாக உணர்த்தும்.